உப்பும் புரவியும்

சித்திரை வெயில் உப்பளப் பாத்திகளை வெளுக்கச் செய்யும் மரக்காணக் கரையில், நெடுந்தூர ஓட்டத்திற்குக் குதிரையைப் பழக்க விழைபவர் முதலில் மதிக்க வேண்டியது அதன் வியர்வையைத்தான். மனிதனுடையதைக் காட்டிலும் உப்புச் செறிந்த அது, கடிவாள வார் உரசும் கழுத்தில் நுரைத்து, உலர்ந்தபின் வெண்கோடாகப் படிவதே தனி அழகு. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆதலின் விடியலில் நடையும் மென்னோட்டமுமாகத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் தேகத்தை உஷ்ணத்திற்குப் படிப்படியாக இணக்கி, இழந்த உப்பைத் தீவனத்தில் கலந்து ஊட்டி, ஓட்டம் முடிந்ததும் உடலெங்கும் தண்ணீரைத் தாராளமாக வார்த்து, தாடையடி நாடியில் விரல் வைத்து, போட்டிகளில் வைத்தியர் கேட்கும் நிமிஷத்திற்கு 64 துடிப்புக்கு அது இறங்கும்வரை காத்திருக்கும் பொறுமையே இக்கலையின் ஜீவன். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் பராமரிப்பறியாதார் கையில் மாண்டதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அவற்றுக்கும் இத்தகைய சிசுருஷை வாய்த்திருக்கலாகாதா என்று நெஞ்சம் ஏங்குகிறது.