வினைமுதல் இல்லாத புத்தகம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அங்கே உண்டு. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரே ஒரு செய்யுள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலை எடுப்பித்தான் என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டுக் குடைவரைக் கலையின் தொடக்கங்களில் ஒன்று என்று இதை வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவோம். எனக்கு இந்தக் கல்வெட்டு வேறொரு காரணத்துக்காக முக்கியம். தன்னிடம் என்னென்ன இல்லை என்று எண்ணிச் சொல்லும் எழுத்து இது. இல்லாத நான்கு பொருள்களைச் சொன்னவர்கள், அங்கே இருந்த ஆட்களைச் சொல்லவில்லை. உளி பிடித்தவர்கள், உளிக்குச் சாணை பிடித்தவர்கள், கற்சில்லை அள்ளிக் கொட்டியவர்கள், வெயிலில் தண்ணீர் சுமந்து வந்தவர்கள் யாரும் செய்யுளுக்குள் வரவில்லை. கல்வெட்டின் வினையே செய்வித்தலைத்தான் குறிக்கிறது. செய்தவர் வேறு, செய்வித்தவர் வேறு என்பதை இலக்கணம் மறைக்கவில்லை. நாம்தான் படிக்கும்போது மறந்துவிடுகிறோம்.

பொது எழுத்து எதையும் இப்படிப் படிக்கலாம். அதில் என்ன இருக்கிறது, யார் இல்லை, வினை யாருடையது என்று கேட்கலாம். இந்த மூன்று கேள்விகளோடு நான் சில காலமாகப் படித்துவருவது நகராட்சிகளின் தீர்மானப் புத்தகங்களை. கவிதை பற்றி எழுத வேண்டியவள் இதைப் பற்றி ஏன் எழுதுகிறாள் என்று கேட்கும் தோழிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நம் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை முடிவு செய்யும் உரைநடை அதுதான்.

அந்த உரைநடைக்கு இறுக்கமான வடிவம் உண்டு. கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குப் பொருள் பட்டியல் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதன்கீழ் அலுவலகக் குறிப்பு. எந்த வார்டில் எந்த மோட்டார் பழுதானது, எவ்வளவு செலவானது, ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை யாருடையது என்றெல்லாம் அது சொல்லும். கடைசியில், ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது.’ அதற்குக் கீழே தீர்மானம்: ‘அனுமதிக்கப்பட்டது.’ பல சமயம் ஐம்பது, அறுபது பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் படிக்கும் பொறுமை இல்லாதபோது யாரோ ஒருவர் “ஆல் பாஸ்” என்பார். மேசைகள் தட்டப்படும். தேநீர் வரும்.

என் மாணவி ஒருத்தி ஆய்வேட்டுக்காக ஒரு நகராட்சியின் தீர்மான நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கினாள். எந்த நகராட்சி என்பது இங்கே வேண்டாம். அந்தக் கட்டில் இரண்டு காலத்துப் பக்கங்கள் இருந்தன. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலான காலத்தில் தனி அலுவலர்களே மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினார்கள். உறுப்பினர்கள் இல்லாத அந்தக் காலத்துப் பக்கங்களையும், சரிபாதி இடங்களில் பெண்கள் வந்து உட்கார்ந்த பிறகான பக்கங்களையும் அவள் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கையொப்பத்தை மறைத்துவிட்டால் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஓர் அலுவலர் தனியறையில் எடுத்த முடிவும், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கூடிப் பேசி எடுத்ததாகச் சொல்லப்படும் முடிவும் ஒரே சொல்லில் முடிந்தன: ‘அனுமதிக்கப்பட்டது.’

இது செயப்பாட்டுவினை. இதில் எழுவாய் இருக்கிறது, அது பொருள். வினைமுதல்தான் இல்லை. அனுமதித்தவர் யார், தயங்கியவர் யார், கேள்வி கேட்டவர் யார் என்று வாக்கியம் சொல்லாது. ‘படு’ என்ற துணைவினையைப் பாடம் நடத்தும்போது மாணவிகள் ஒருமுறை சிரித்தார்கள். “எங்கம்மா எப்பவும் ‘நான் பட்டது எனக்குத்தான் தெரியும்’னு சொல்வாங்க மேடம்” என்றாள் ஒருத்தி. அந்தப் ‘பட்டது’ தீர்மானப் புத்தகத்திலும் இருக்கிறது, பட்டவர் இல்லாமல்.

அந்த நகராட்சியின் கூட்டம் ஒன்றுக்கு மாணவியுடன் போய்ப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையைக் குத்தகைக்கு விடும் பொருள் வந்தது. ஓர் உறுப்பினர் எழுந்தார். பெண்கள் பக்கத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், பூ விற்கும் பெண்களும் துணிக்கடையில் வேலை செய்யும் பெண்களும் கடைசிப் பேருந்து வரை எங்கே போவார்கள், பழைய குத்தகைதாரரிடம் யாராவது கேட்டீர்களா என்றார். குரல் முதலில் நடுங்கியது, பிறகு உறுதியானது. பின்வரிசையில் ஓர் ஆண் உறுப்பினர் சிரித்தார். தலைவரும் பெண்தான். “உட்காருங்கம்மா, ஆணையர்கிட்ட சொல்றேன், பூட்டாம பார்த்துக்கலாம்” என்றார். நல்ல பதில்தான். நான்கு நிமிடம் நடந்திருக்கும்.

பிறகு வாங்கிய நகலில் அந்தப் பொருளுக்குக் கீழே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. உறுப்பினரின் கேள்வி இல்லை. தலைவர் கொடுத்த வாக்கும் இல்லை. கேட்டவர் பெண், பதில் சொன்னவர் பெண், இருவரையும் அந்த ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது. வாக்கு பதிவாகாததால் அடுத்த மாதம் அதைப் பற்றிக் கேட்கவும் வழியில்லை. கழிப்பறை ஆறு மணிக்குப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இதில் தனியாக ஒரு வில்லன் இல்லை. புத்தகம் எழுதிய ஊழியர் தமக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் போலவே எழுதினார். வழக்கம் என்பது அவ்வளவு சாதுவான முகம் கொண்டது.

அவை பற்றிப் பேசினால் நம் ஆட்கள் உடனே உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் மேடைதோறும் பெருமையாகச் சொல்லப்படுகின்றன. பெருமைப்பட அதில் விஷயம் உண்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அன்றாடக் காரியங்களுக்குக் குழுக்கள், ஓராண்டுப் பதவி, கணக்குக் காட்டாதவருக்குத் தடை. உறுப்பினராக நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். பெண் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

ஆனாலும் அக்கல்வெட்டில் பெண்கள் இருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவரின் உறவினரும் பதவிக்கு வரக்கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மகளை மணந்தவன். தாய், அத்தை, மனைவி, சகோதரி, மகள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள், ஓர் ஆணை இன்னோர் ஆணோடு கட்டும் கயிறாக மட்டும்.

ஆயிரம் ஆண்டு கழித்து அந்தக் கயிறு திரும்பிக் கட்டப்பட்டிருக்கிறது. 1992இல் 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் நிறைவேறின. 1996இல் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் தமிழ்நாட்டுப் பெண்கள் உள்ளாட்சிக்கு வந்தார்கள். 2016இல் அது சட்டப்படி சரிபாதியானது. இப்போது பெண்ணின் பெயர் பலகையில் இருக்கிறது, அவளைச் சொல்லி அவள் கணவன் நாற்காலியில் இருக்கிறான். இந்தக் கணவர்களை ஆராயவே 2023இல் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. உறவினர் அதிகாரத்துக்குள் நுழையக்கூடாது என்று உத்திரமேரூர் எச்சரித்ததைப் போற்றுகிறவர்கள், கூட்ட அரங்கின் வாசலில் நிற்கும் கணவரைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள்.

ஆனால் ‘பொம்மைத் தலைவி’, ‘பினாமி’ என்ற சொற்களைப் பெண்ணியவாதிகளான நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொற்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பொருள் பட்டியலைப் பிரித்தே பார்க்காமல் “ஆல் பாஸ்” சொல்லும் ஆண் உறுப்பினரை யாரும் பொம்மை என்பதில்லை. கட்சி மாவட்டச் செயலாளர் சொன்னபடி கை தூக்குபவரைப் பினாமி என்பதில்லை. பெண் பேசாவிட்டால் பொம்மை என்கிறோம். அவள் பேசியது எழுதப்படாவிட்டால், பிறகு படிப்பவருக்கு அவள் பேசாதவளாகவே தெரிவாள். பொம்மையில் ஒரு பகுதி இப்படிப் புத்தகத்தில் செய்யப்படுவது.

புத்தகம் எதையெல்லாம் எழுதாது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். படம் வந்த பிறகே வழக்கு, நடவடிக்கை எல்லாம். ‘தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது’ என்று எழுதுவதுதான் எந்தத் தீர்மானப் புத்தகத்துக்கும் வழக்கம். அந்த வரியில் தரைக்கு இடமில்லை. சாதிக்கும் இல்லை. எல்லாப் பெண்களும் ஒரே விதமாக அழிக்கப்படுவதில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையும் அதே புத்தகம்தான்.

இன்னொன்று மதுரை. 1996 தேர்தலில் வில்லாபுரத்திலிருந்து மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி மாநகராட்சி உறுப்பினரானார். நெசவுத் தொழிலாளி, மாதர் சங்கத்துக்காரர். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று நின்றார். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் விற்றுப் பிழைப்பவர்களுக்கும் வட்டார ரவுடிகளுக்கும் அது இடைஞ்சலானது. 1997 ஏப்ரல் 23ஆம் நாள் பட்டப்பகலில் கடைத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. குடிநீர்க் குழாய் என்பது மன்றத்தின் ‘வழக்கமான’ பொருள்களில் ஒன்று. அந்த வழக்கமான பொருளை ஒரு பெண் உண்மையாக எடுத்துக்கொண்டபோது அதன் விலை என்னவாக இருந்தது என்று பார்த்தால், ‘சில்லறை விவகாரம்’ என்று இனி யாரும் சொல்லமுடியாது.

இங்கே என் தரப்பையும் குறை சொல்லவேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் பெண் கவிஞர்கள் உடலை எழுதியபோது எழுந்த வசைகளை எதிர்த்து நாங்கள் நின்றோம். நின்றது சரி. உடலைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்காகவும் வாதாடினோம். ஆனால் அதே உடல் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் அடக்கிக்கொண்டு நிற்பதைப் பற்றிய பொருள் ஒன்று, எண் போட்டு, அச்சாகி, ஊர் நடுவில் விவாதத்துக்கு வந்தது. அதை நாங்கள் படிக்கவில்லை. தெருவிளக்கு, சாக்கடை மூடி, குப்பை வண்டி, மகப்பேறு மனை, தூய்மைப் பணியாளர் கூலி என்று பெண் வாழ்க்கையின் பாதி அந்தப் பட்டியலில் வரிசையாக இருக்கிறது. இலக்கியம் அல்ல என்று நாம் ஒதுக்கியதை வேறு யாரோ நமக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எனவே மாணவிகளிடம் நான் கேட்பது எளிது. உங்கள் ஊர் மன்றத்தின் ஓராண்டுத் தீர்மான நகல்களை வாங்குங்கள். கல்வெட்டைப் படிப்பதுபோல் படியுங்கள். வினைமுதலைத் தேடுங்கள். கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. நகரங்களுக்கும் வார்டுக் குழு, பகுதி சபை என்று வந்திருக்கின்றன. பேசியபின், பேசியது எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பெண் உறுப்பினர் இருந்தால், கேள்வியையும் மறுப்பையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை விட்டுவிடுவது சுலபம். முத்திரை விழுந்த தாளை விடுவது அவ்வளவு சுலபமில்லை.

கழிப்பறை பற்றிக் கேட்ட உறுப்பினரை மாணவி பிறகு அவர் வீட்டில் போய்ப் பார்த்தாள். நகலைக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய்த் தன் மகனின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். முன்பாதியில் பையனின் கணக்கு. பின்பாதியில் தேதி, பொருள் எண், ‘நான் கேட்டது’, ‘அவங்க சொன்னது’ என்று நான்கு பத்தி பிரித்து அவரே எழுதிவைத்திருந்தார். ஒரு கூட்டமும் விடவில்லை. “அவங்க புக்குல இல்லன்னா என்னம்மா, என் புக்குல இருக்கு” என்றாராம். ஆய்வேட்டில் முதன்மைச் சான்றுகள் என்ற தலைப்பின்கீழ் நகராட்சித் தீர்மானப் புத்தகத்துக்கு அடுத்ததாக அந்த நோட்டைச் சேர்க்கலாமா என்று மாணவி கேட்டாள். அடுத்ததாக வேண்டாம், முதலில் போடு என்றேன்.