நாமக்கல்லின் இரு சொற்கள்

இலக்கியம் சமூகத்தை மாற்றுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறோம். நாமக்கல் மண்ணில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன.

1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவர்கள் வழிநெடுகப் பாடியது நாமக்கல் ராமலிங்கம் பிள்ளையின் பாட்டு. நடப்பதென்று முடிவுசெய்துவிட்ட கால்களுக்கு அது தாளம் தந்தது. கவிதையாக அதற்குமேல் அதில் எனக்கு எதுவும் கிடைப்பதில்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) யாரையும் எங்கும் அழைக்கவில்லை. பிள்ளையில்லாத ஒரு தம்பதியையும், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவையும் பற்றியது. நான்காண்டுகள் ஊரில் சலனமில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டிலேயே பிரதிகள் எரிந்தன. 2015 ஜனவரியில், நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப்பின், தனக்குள்ளிருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அவரே அறிவித்தார். அந்தச் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் எழுதட்டும் என்று 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது.

பாட்டு, கூட்டம் சொல்ல விரும்பியதைச் சொன்னது. நாவல், கூட்டம் தன்னைப்பற்றிக் கேட்க விரும்பாததைச் சொன்னது. மாற்றம் இரண்டாவதில்தான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் ஓர் உறுத்தல். அந்த நான்காண்டுகளும் அதை ‘நல்ல நாவல்’ என்று சொல்லி அலமாரியில் வைத்திருந்தவன் நான். சொல்லுக்குச் சக்தி உண்டென்று எரித்தவர்கள் என்னைவிட அதிகம் நம்பியிருக்கிறார்கள்.