ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மாவின் இசைப்பணி: மீட்பா, ஆக்கமா?

தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது பாடிய தெலுங்கு, வடமொழிச் சங்கீர்த்தனங்களுள் ஏறத்தாழ 12,000 கிடைத்துள்ளன. இவை திருமலைக் கோயிலில் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுப் பல நூற்றாண்டுகள் வழக்கொழிந்து கிடந்தன. இன்று அவை கச்சேரி மேடையிலும் இல்லங்களிலும் ஒலிப்பதற்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979). அவர் பணியைப் ‘பழைய இசையின் மீட்பு’ எனப் புகழ்வதே பெருவழக்காக உள்ளது. இப்புகழுரை எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

அனந்தப்பூர் மாவட்டத்தில் பிறந்த சர்மா, மைசூரில் வடமொழியும் பிராகிருதமும் பயின்றார். பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் இசை கற்றார். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியைச் சேர்ந்த அறிஞர் இராமலிங்க ரெட்டியின் ஊக்கத்தால் மைசூர் மகாராஜா கல்லூரியில் தெலுங்காசிரியராய் அமர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். வேமனரைப் பற்றிய சொற்பொழிவுகளும், காதாசப்தசதியின் தெலுங்காக்கமும், ‘கானகலே’ என்னும் கன்னட நூலும் அவர்தம் புலமைப் பரப்பைக் காட்டுவன.

அன்னமாசாரியார் பாடல்களைப் பதிப்பிப்பதில் ஈடுபட்டிருந்த வேட்டூரி பிரபாகர சாஸ்திரி 1950இல் மறைந்தார். அப்பணியைத் தொடர, அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதிக்கு (2022 முதல் தனி மாவட்டம்) சர்மா வந்தார். தேவஸ்தானத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு பாடல் தொகுதிகளைப் பதிப்பித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்துச் சுரக்குறிப்புடன் வெளியிட்டார்.

செப்பேடுகள் அவருக்கு அளித்தவை யாவை? பாடலின் சொற்களும், தலைப்பில் இராகப் பெயரும் மட்டுமே. சுரக்குறிப்பு இல்லை, பாடிக் காட்டும் மரபும் தொடரவில்லை. இராகப் பெயரும் உறுதியான வழிகாட்டியன்று. இராமாமாத்தியரின் சுவரமேளகலாநிதி (1550) முகாரியைச் சுத்த சுரங்களாலான மேளமாகக் கூறுகிறது. அது பிற்காலக் கனகாங்கிக்கு நிகரானது. இன்றைய முகாரியோ கரகரப்பிரியாவின் சேய் இராகம். எனவே ‘முகாரி’ எனப் பொறிக்கப்பட்ட பாடலை இன்றைய முகாரியில் பாடினும், அன்னமாசாரியார் கேட்ட இசையைக் கேட்டதாகாது.

ஆதலின் சர்மா செய்தது மீட்பு எனல் பொருந்தாது, அது புத்தாக்கமேயாகும். இதனாற் பணியின் மதிப்புக் குறையாது. யாப்பையும் பொருளையும் உணர்ந்து, சொல் சிதையாமல் இசையேற்றுவதற்குப் பதிப்பாசிரியனின் மொழியறிவும் பாடகனின் செவியும் ஒருவரிடத்தே அமைய வேண்டும். அவ்வமைவு அரிது. சென்னை மியூசிக் அகாதெமி 1974இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது அத்தகுதிக்குரிய ஏற்பாகும்.

தமிழிசையுலகிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அரியக்குடி இராமானுஜ அய்யங்கார் திருப்பாவைக்கு அமைத்த இசை பரவலாகப் பாடப்படுகிறது. அதனை ஆண்டாள் காலத்து இசையென எவரும் மயங்குவதில்லை. அரியக்குடியின் பெயரும் மறக்கப்படவில்லை. அன்னமாசாரியார் பாடல்களிலோ இத்தெளிவு பெரிதும் பேணப்படவில்லை. 1978இல் தேவஸ்தானம் தொடங்கிய அன்னமாசாரியா திட்டத்தின்வழி நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலியோரின் மெட்டுகளும் பரவின. மேடையில் பாடலாசிரியர் பெயர் கூறப்படுகிறது. மெட்டமைத்தவர் பெயர் பல வேளைகளில் விடுபட்டுவிடுகிறது.

இதனால் விளையும் இழப்பு இருவகைத்து. இருபதாம் நூற்றாண்டின் இசை, பதினைந்தாம் நூற்றாண்டிற்குச் சான்றாகக் கொள்ளப்படுவது ஒன்று. ஆக்கியோன் தன் ஆக்கத்திலிருந்தே மறைக்கப்படுவது மற்றொன்று. முன்னது வரலாற்றைத் திரிக்கிறது. பின்னது கலைஞனுக்கு உரியதை மறுக்கிறது. மரபைக் காப்போன் என்னும் பெயர் சர்மாவுக்குப் பொருந்துவதே. எனினும், காத்தது சொல்லை, படைத்தது இசையை எனப் பகுத்துரைப்பதே அவருக்குச் செய்யும் நன்றியாகும். பதிப்புகளிலும் மேடைகளிலும் மெட்டமைத்தோர் பெயரையும் செப்பேட்டு இராகத்தையும் தனித்தனியே குறிப்பிடும் வழக்கம் நிலைபெறுதல் வேண்டும்.