புல்மறைவில் ஒரு வெட்சி

தொல்காப்பியத்துப் புறத்திணையியல் வெட்சியில் தொடங்குகிறது. வெட்சியாவது, பகைவர் நாட்டு ஆநிரையை அவர் அறியாவண்ணம் களவிற் கவர்ந்து வருதல். அகத்திணையுள் குறிஞ்சிக்குப் புறமாக அமைவது வெட்சி என்பது இலக்கண நூலார் கொள்கை. மலைநிலமும் நள்ளிரவும் காதலர் களவுக்கு உரியவாதல் போல மறவர் களவுக்கும் உரியவாயின என்று உரையாசிரியர்கள் இயைபு காட்டுவர். முரசறைந்து பொருதும் தும்பைக்கு முன்னரே, மூச்சடக்கிச் செல்லும் இவ்வொழுக்கத்தையும் பழந்தமிழர் ஒரு திணையாக மதித்தனர். இதனை நினைவிற் கொண்டு, நம் இல்லத்துப் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்றை ஈண்டு நோக்கலாம்.

மறைந்து சென்று வெல்லும் ஆட்டவகைக்கு வழிகாட்டியாய் அமைந்தவற்றுள் தலையாயது, 1987இல் ஜப்பானியரான ஹிதேயோ கோஜிமா உருவாக்கிய 'மெட்டல் கியர்'. அக்காலத்து எம்.எஸ்.எக்ஸ். கணினியால் பல வீரரையும் பல குண்டுகளையும் ஒரே திரையில் இயக்கிக் காட்ட இயலவில்லை. ஆகவே போரிடுதலைக் குறைத்து, ஒளிந்து தப்புதலையே ஆட்டத்தின் உயிராக்கினார் அவர். கருவியின் வறுமை ஒரு கலைவகையைப் பெற்றெடுத்தது எனலாம். பின்னாளில், ஆடுவோன் பரந்த நிலத்தில் தன் விருப்பப்படி திரியும் 'திறந்த உலகம்' என்னும் அமைப்போடு இம்மறைவுக் கலை இணைந்தது. 2015இல் வெளிவந்த அவருடைய 'தி ஃபாண்டம் பெயின்' ஆப்கானிஸ்தானத்து மலைகளை அவ்வாறே ஆடுவோன் முன் விரித்து வைத்தது.

நாம் எடுத்துக்கொண்டது 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. கலிபோர்னியாவைச் சேர்ந்த நாட்டி டாக் நிறுவனம் உருவாக்க, சோனி நிறுவனத்தார் 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளியிட்டனர். இது முழுமையும் திறந்த உலகமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர் தாங்கிய நான்காம் பகுதி மட்டுமே அவ்வாறு விரிகிறது. இக்கட்டுரையும் அப்பகுதியளவில் நிற்கும் முதல் நோக்கேயன்றி, முடிவுவரை ஆடிக் கூறும் தீர்ப்பன்று. கர்நாடகத்தில் வாழும் தமிழர் இதனைக் கவனித்தற்குத் தனிக்காரணம் உண்டு. கதைத்தலைவி குளோயி ஃபிரேசரும் அவள் கூட்டாளி நதீன் ராசும் தேடி வருவது, போசள மன்னர் மறைத்து வைத்ததாகக் கதை புனையும் விநாயகர் தந்தம். பேலூர், ஹளேபீடு என்னும் பெயர்கள் அவர்கள் வாயில் அடிக்கடி வருகின்றன.

முதலில் மனத்தைக் கவர்வது அதன் பொறுமை. குளோயி ஒரு கோபுரத்தின்மேல் ஏறி நாற்றிசையும் நோக்கித் தன் வரைபடத்தில் இடங்களைக் குறிக்கிறாள். பின்பு ஜீப் வண்டியைச் சேற்றிலும் நீரோடையிலும் செலுத்திச் செல்கிறாள். எவ்விடத்திற்கு முதலிற் செல்வது என்பது நம் விருப்பம். பகைவர் இருக்கை கண்ணிற் பட்டதும் வண்டியை நிறுத்திவிட்டு, இடுப்பளவு வளர்ந்த புல்லில் தாழ்ந்து அமர்கிறாள். ஆட்டத்தின் சுவை முழுவதும் இங்கேதான் ஊறுகிறது. காவலர் எத்துணைப் பேர், எவன் எத்திசை நோக்கித் திரும்புவான், எவன் தனியே ஒதுங்குவான் என்று எண்ணிக்கொண்டே நாம் காத்திருக்க வேண்டும். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. ஒருவன் ஐயுறத் தொடங்கினால் அவன் தலைமேல் ஓர் அடையாளம் தோன்றி, ஐயம் வளர வளர நிறம் மாறுகிறது. அந்நிறம் தணியும்வரை நம் கைவிரலும் அசைய அஞ்சும். வெட்சித் துறைகளுள் பிறர் அறியாது செல்லும் செலவு ஒன்று. ஒற்றர் வழியே பகைப்புலத்தை ஆராயும் வேய் ஒன்று. பகைவர் ஊர்ப்புறத்தைச் சூழ்ந்து தங்கும் புறத்திறை ஒன்று. இம்மூன்றையும் ஏட்டிற் படித்து நெட்டுருச் செய்த நமக்கு, அவற்றின் மெய்ந்நடுக்கத்தை இவ்வாட்டம் உணர்த்திவிடுகிறது. இதற்காக அதன் ஆசிரியர்களைத் தயக்கமின்றிப் பாராட்டலாம்.

ஆயின் வெட்சி அவ்வளவில் முடிவதன்று. கவர்ந்த ஆநிரையை நோய் நேராவண்ணம் ஓட்டி வருதல், அதனைத் தம்முள் பகுத்துக்கொள்ளும் பாதீடு, கூடி மகிழும் உண்டாட்டு, இரப்போர்க்கு வழங்கும் கொடை என்று துறைகள் தொடர்கின்றன. இழந்தவர் எழுந்து மீட்கும் கரந்தையும் உடன் வருகிறது. கவர்வோனுக்கு ஓர் ஊர் உண்டு. இழப்போனுக்கும் ஓர் ஊர் உண்டு. இவ்வாட்டத்து மலைப்பரப்பிலோ ஊரே இல்லை. தொடக்கத்தில் ஒரு நகரத்துக் கடைத்தெருவும் அங்கே துடுக்காகப் பேசும் ஒரு சிறுமியும் வருகின்றனர், அவ்வளவே. மலைக்குள் புகுந்தபின் காணப்படுவோர் ஆயுதந் தாங்கிய பகைவர் மட்டுமே. மாடு மேய்ப்பவன் இல்லை, காப்பித் தோட்டக் கூலியாள் இல்லை, கோயிலில் விளக்கேற்றுபவர் எவரும் இல்லை. ஆங்காங்குக் கிடக்கும் பதினொரு போசள வில்லைகளைத் தேடிச் சேர்த்தால் அரசியின் மாணிக்கம் கிடைக்கும். அதன் பயன், அருகில் வேறு புதையல் இருந்தால் ஒலித்து அறிவிப்பது! எடுத்த பொருள் இன்னும் எடுப்பதற்கே உதவுகிறது. யாரிடமிருந்து எடுக்கிறோம் என்ற வினாவுக்கு இடமில்லாத நிலத்தில், களவுக்குரிய அச்சம் அகப்படுவோமோ என்பதளவில் நின்றுவிடுகிறது.

விளையாட்டில் வரலாறு தேடலாமா எனச் சிலர் வினவுவர். பரசுராமர் விநாயகரின் தந்தத்தை வெட்டிய கதையைத் தானே எடுத்துரைத்து, போசளர் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் ஆட்டத்திடம் இதனைக் கேட்பது முறையே. உண்மையில் பேலூரும் ஹளேபீடும் ஹாசன் மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று பதினாறு கிலோமீட்டர் அளவில், பேருந்து செல்லும் ஊர்கள். 1117இல் விட்டுணுவர்த்தனன் எடுப்பித்த பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. 2023இல் யுனெஸ்கோ இவ்விரண்டு ஊர்க் கோயில்களையும் சோமநாதபுரத்தையும் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆட்டத்தில் அருவிகளின் நடுவே குன்றளவான தெய்வ உருவங்கள் நிற்கின்றன. போசளர் கலையின் பெருமையோ நுணுக்கத்தில் உள்ளது. வெட்டும்போது மென்மையாக இருந்து பின் இறுகும் மாக்கல்லில், விரலளவு அணிகலனையும் அவர்கள் தனித்தனியே செதுக்கினர். அச்சிற்பியரிற் பலர் தம் பெயரையும் பொறித்தனர். தாசோஜன், அவன் மகன் சாவணன் என்ற பெயர்களைப் பேலூரில் காணலாம்.

இன்னொன்றும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். போசளர் நமக்கு அயலவரல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோமேசுவரன் திருவரங்கத்துக்கு அண்மையிலுள்ள கண்ணனூரில் தலைநகர் அமைத்தான். அவன் மகன் இராமநாதன் அங்கிருந்தும், பின்னர் ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியிலிருந்தும் ஆண்டான். திருவண்ணாமலையில் தங்கிய மூன்றாம் வல்லாளன் மதுரைச் சுல்தானோடு பொருது மாண்டான். பெங்களூர்த் தொம்மலூரிலுள்ள சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. புல்மறைவில் அமர்ந்து போசளப் புதையல் தேடும் பெங்களூர்ப் பிள்ளைக்கு அக்கல்வெட்டுகள் ஒரு நகரப் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன.

வெட்சியில் வீழ்ந்தவனுக்கும் கரந்தையில் வீழ்ந்தவனுக்கும் கல் நடுவது பழைய வழக்கு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. இலக்கணத்துத் துறைப்பெயர் ஒரு சிற்றூர்க் கல்லில் கிடைத்தது. கன்னட நாட்டிலும் இவ்வழக்கு அவ்வாறே. பேகூர் நாகேசுவரர் கோயிலிலுள்ள, ஏறத்தாழ கி.பி. 900ஐச் சார்ந்த வீரக்கல் ஒன்று, பெங்களூருப் போரில் ஒருவன் மாண்டதைச் சொல்கிறது. இந்நகரின் பெயரை இதுவரை அறிந்தவற்றுள் மிகப் பழமையாகத் தாங்கி நிற்பது அக்கல்லே. ஆட்டத்தில் நாம் புல்லுக்குள் இழுத்து வீழ்த்தும் காவலனுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. அவன் கூட்டத்தார் அவனைக் காணாது தேடும்போதும், நாம் எண்ணுவது இன்னும் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்பதையே.