ஆய்வேடு தேடலும் அநுபலத்தியும்

பட்டத்தின்பொருட்டு எழுதப்பெறும் ஆய்வேடுகள் முன்னாளில் அவ்வப் பல்கலைக்கழக நூல்நிலையப் பேழைகளிலே அடங்கிக் கிடந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் வகுத்த விதியின் பின்னர், அவை மின்வடிவிற் பெறப்பட்டு, குசராத்துக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நிலையம் நடத்தும் 'சோத்கங்கா' என்னும் இணையத் தொகுதியில் வைக்கப்படுகின்றன. சைவ சித்தாந்த ஆய்வேடுகளும் அதன்கண் உள. சிற்றூரிலிருக்கும் அன்பரும் அவற்றைக் கட்டணமின்றிப் படித்தல் கூடும். இது பெரிதும் பாராட்டற்பாலது.

ஆயின், அதனைப் பயன்கொள்ளும் முறையிற் குற்றமுண்டு. ஆய்வாளர் சிலர் ஒரு சொல்லை இட்டுத் தேடி, விடை வாராமை கண்ட அளவிலே, இப்பொருள்மேல் இதுகாறும் ஆய்வு நிகழ்ந்திலது எனத் தம் முன்னுரையில் எழுதிவிடுகின்றனர். சிவஞான சித்தியார் அளவையியலில் அருணந்தி சிவாசாரியர் ஏது மூன்றனுள் ஒன்றாக அநுபலத்தியை வைத்தார். குளிரின்மை கொண்டு பனியின்மை துணிதல் அதன்பாற்படும். பனி உண்டாயிற் குளிரும் உண்டாதல் ஒருதலையாகலின் அத்துணிவு செல்லும். இருட்டறையிற் புகுந்தான் ஒருவன் குடங் காணாமையாற் குடமில்லை எனின், அது செல்லுமோ?

சோத்கங்காவில் தேடுவார் நிற்பது பெரும்பாலும் இவ்விருட்டறையிலேயாம். சிவஞானபோதம் என்னும் ஒரு பெயரையே நோக்குக. ஆங்கில எழுத்தில் அதன் ஞகரத்தை, 1895-இல் மொழிபெயர்ப்பு வெளியிட்ட நல்லசாமிப் பிள்ளை ஒருவாறு எழுதினார். வடமொழி வழக்கினர் வேறுவாறு எழுதுவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையிலோ முதலிலுள்ள சகரமே வேறெழுத்தாகிவிடும். போதத்தைப் பிரித்தெழுதுவாரும் உளர். பொறி எழுத்தை ஒப்புநோக்குமேயன்றிப் பொருளை நோக்காது. மேலும், ஒளிப்படமாக மட்டும் ஏற்றப்பட்ட ஏட்டினுள்ளே சொற்றேடல் செல்லாது. 2009-க்கு முற்பட்டனவோ, அவ்வப் பல்கலைக்கழகம் முயன்று ஏற்றிய அளவே கிடைக்கும்.

ஆகலின், பெயரைப் பல எழுத்துமுறையானும் இட்டுத் தேடுதல் வேண்டும். அதனினுஞ் சிறந்தது, பல்கலைக்கழகந்தோறும் தமிழ், தத்துவம், சமயம் என்னும் துறைப் பட்டியல்களைப் புகுந்து பார்த்தலும், கிடைத்த ஏட்டின் இறுதியிலுள்ள துணைநூற்பட்டியலைப் பற்றி முன்னையோரைச் சென்றடைதலுமாம். முன்னோர் நிறுவியதை அறியாது அதனையே மீளவும் நிறுவுதலிற் கழியும் ஆண்டுகள் சிலவல்ல. ஆய்வில்லை என எழுதத் துணிவோர், தேடிய தொகுதி, இட்ட சொற்கள், தேடிய நாள் ஆகிய மூன்றையும் உடன்குறித்தல் கடன். நெறியாளர் பலர் இதனை வற்புறுத்தாமை வியப்பே.