ஒரு சீவலின் கனம்

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில், வெயில் ஏறுமுன் பால் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் கத்தியிலிருந்து விழுந்த பட்டைச் சீவலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். சுருண்டு, ஈரமாக, ஒன்றரை மில்லிமீற்றர் கனம்கூட இராது.

மரத்தைப் பாதி சுற்றி, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது வெட்டுக்கோடு. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் வாய் திறக்கும். ஆழத்தில்தான் முழு நுட்பமும். பால் செறிந்திருப்பது மரத்தை ஒட்டிய உட்பட்டையில். பட்டையைப் புதிதாக வளர்க்கும் மெல்லிய படையும் அதற்கு அடுத்தே இருக்கிறது. அதைத் தொடாமல் ஒரு மில்லிமீற்றர் அளவு விட்டுக் கத்தி ஓட வேண்டும்.

"உள்மரத்து வெள்ளை தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா அந்த இடம் முண்டு கட்டிரும், பிறகு கத்தி ஓடாது," என்றார் அக்கா. பேசும்போதே பால் கோட்டில் வழிந்து சிரட்டையில் சொட்டத் தொடங்கிவிட்டது. இந்த மரத்துக்கு நாளை ஓய்வு.

இந்த அளவறிந்த வெட்டு ஒரு பழைய நூலை நினைவூட்டியது. 1713ல் ஜெர்மனியின் சாக்சனியில், ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க நிர்வாகி காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளிச் சுரங்கங்களின் உலைகளுக்கு விறகு வெட்டி வெட்டிக் காடு அருகிப்போன காலம் அது. வளரும் அளவுக்குள் வெட்டு, வெட்டியதை மீண்டும் நடு என்றார். இன்று வணிக உலகம் பேசும் நிலைத்த வளர்ச்சி என்ற எண்ணத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அவர் ஒரு காட்டுக்குச் சொன்ன கணக்கை அக்காவின் கை ஒரு பட்டைக்குள் போடுகிறது.

இப்படிச் சீவிப் பால் எடுக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. கொங்கோக் காடுகளில் பாலுக்காகக் கொடிகளையே வெட்டிச் சாய்த்தார்கள். அப்படிச் சாய்க்காமல், இறப்பர் மரத்தில் ஒரே வெட்டை ஒவ்வொரு முறையும் மெல்லச் சீவிப் புதுப்பிக்கும் முறையைச் சிங்கப்பூரில் ஹென்றி ரிட்லி வகுத்தார். 1876ல் இலங்கையின் ஹெனரத்கொடத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட இறப்பர் நாற்றுகளின் வழிவந்த இலங்கைத் தோட்டங்களிலும் அந்த முறை வேரூன்றியது.

திரும்பும் வழியில் ஒரு முதிய மரத்தைத் தடவிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் வெட்டி முடித்த பக்கத்தில் புதுப்பட்டை மூடியிருந்தது. முண்டு இல்லை, குழி இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனது. அன்று அங்கே கத்தி பிடித்தவர் யாரென்று எந்தப் பதிவிலும் இராது. அந்த வழவழப்பே அவர் இட்ட கையெழுத்து.