கருப்பொருளும் உரிப்பொருளும்: ஓரிஜித் சென்னின் அருங்காட்சியகச் சுவரோவியமும் ஏலமலைச் சரிவுகளும்

ஆய்வுச்சுருக்கம்

அருங்காட்சியகத்திற்கென ஒரு வரைகலை வடிவமைப்பாளர் உருவாக்கிய இடஞ்சார் நிறுவல் கலையைத் தொல்காப்பியத் திணைக்கோட்பாட்டின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அதன் பெறுபேறு போடிநாயக்கனூர், மூணாறு மலைப்பகுதிக்குப் பொருத்திக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிறுவல் கலை, திணை, உரிப்பொருள், ஏலமலை, அருங்காட்சியகம்.

முன்னுரை

ஓர் இடத்தைப் பற்றிய கலையெல்லாம் இடஞ்சார் கலை ஆகிவிடுவதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், தெய்வம், உணவு, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் கொள்கிறது. எனினும் பாடலின் திணையை உறுதிசெய்வது உரிப்பொருளே. இவ்வேறுபாடு நிறுவல் கலைக்கும் உரைகல்லாகும்.

ஏட்டிலிருந்து சுவருக்கு

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற ஓரிஜித் சென், நர்மதை அணை எதிர்ப்பைக் களமாகக் கொண்ட 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' என்னும் வரைகலைப் புதினத்தை 1994இல் வெளியிட்டார். பின்னர், ஆனந்த்பூர் சாகிப்பில் மோஷே சாஃப்டி வடிவமைத்து 2011இல் திறக்கப்பட்ட விராசத்-இ-கால்சா அருங்காட்சியகத்திற்காகப் பஞ்சாபின் அன்றாட வாழ்வைப் பெருஞ்சுவரோவியமாக்கினார். பார்வையாளர் சாய்தளத்தில் நடக்க நடக்க, சுற்றுச்சுவரில் வயலும் கடைவீதியும் வீடும் விரிகின்றன.

ஏட்டில் கட்டங்கள் செய்த வேலையை இங்கு நடப்பவரின் கால்கள் செய்கின்றன. கட்டடத்தை விட்டுப் பிரித்தால் ஓவியத்தின் வாசிப்பு முறையே குலைந்துவிடும். இவ்வகையில் இது மெய்யான இடஞ்சார் படைப்பு. சமய வரலாற்றைப் போற்றும் மண்டபத்தில் பெயரறியா உழைப்பாளிகளுக்கு இடமளித்ததும் சிறப்பே.

ஆயினும் ஓர் இழப்பு உண்டு. புதினத்தில் அணை ஒரு காரணம். இடப்பெயர்வு அதன் விளைவு. ஒரு கட்டத்திற்கு அடுத்த கட்டம் என்னும் வரிசை அவ்வுறவை உணர்த்தியது. சுவரிலோ உழவும் திருவிழாவும் ஒரே தளத்தில் சம நிறையுடன் நிற்கின்றன. கருப்பொருள் செழிக்க, உரிப்பொருள் மெலிகிறது.

ஏலமலையும் காட்சிப்பொருளும்

இச்சிக்கல் ஏலமலைப் பகுதிக்கும் உரியது. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் தொடங்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களோடு, நாசரேத் கலைத்தொழிற்பள்ளியில் 1913இல் செய்யப்பட்ட கல் சூரியக்கடிகாரமும் உள்ளது. அது பொழுதை அளக்கும் கருவி. தோட்ட உழைப்போ பொழுதால் அளக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டாதவரை கடிகாரம் வெறும் தொல்பொருளாகவே நிற்கும்.

ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்ப்பது. பறிப்பவர் குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். பறித்த காய் உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலத்திற்கு வருகிறது. போடிப் பகுதித் தொழிலாளர்கள் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக மலையேறி, மாலையில் திரும்புகின்றனர். நிலத்தால் இது குறிஞ்சி. நாள்தோறும் வீட்டையும் குழந்தைகளையும் விட்டுச் செல்லும் ஒழுக்கத்தால் பாலையை நெருங்குவது. அகமரபை இங்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் நிலமும் வாழ்வும் மயங்கும் நிலையைச் சுட்டும் சொல்வளம் அம்மரபில் உண்டு.

இம்மலைக்கென ஒரு நிறுவல் உருவாகுமாயின், செடியையும் கூடையையும் காட்டுவதோடு அது நின்றுவிடலாகாது. குனிந்த முதுகிலிருந்து ஏல விலை வரை செல்லும் காரணத் தொடரைப் பார்வையாளர் தம் உடலால் உணர வேண்டும். சென்னின் சாய்தளம் அதற்கு வழிகாட்டும். அவருடைய புதினத்தின் கட்ட வரிசை அதனினும் மிகுதியாக வழிகாட்டும்.

முடிவுரை

சென்னின் சுவரோவியம் கட்டடத்தோடு பிரிக்க இயலாதவாறு பொருந்தியது. வாழ்வின் காரண உறவுகளைக் காட்டுவதில் அவரது ஏட்டுக்குப் பின்தங்கியது. இடத்தின் பொருள்களைத் திரட்டுவது அருங்காட்சியகத்தின் முதற்படி மட்டுமே. அவ்விடத்து மனிதர் எதை விட்டு, எதற்காகச் செல்கின்றனர் என்பதைக் காட்டும்போதே நிறுவல் தன் திணையை அடைகிறது.